பன்னிரண்டு பனியன்கள்

சன்னல் வெயிலில், சோபா மேல் அடுக்கிய மஞ்சள் பனியன்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் 'நாலு தலைமுறை, ஒரே படகு' என்று அச்சாகியிருக்கிறது. ஆலப்புழைப் பயணத்துக்காக இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கூட்டம் போட்டுத் தலைமையுரை ஆற்றிய மகுடேஸ்வரனின் சொந்த வாசகம் அது. தைத்ததும் அவருடைய கம்பெனிதான். கைக்குழந்தை சைசிலிருந்து தன் தாயார் சைஸ் வரை புரட்டுகிறார். தன் தொப்பைக்கான டபுள் எக்ஸெல்லை மட்டும் காணோம். "எனக்கெங்கடா?" மகன் தரணி மின்விசிறியைப் பார்க்கிறான். "டூர் போற அந்த வாரம்தான் துணி வாங்கற பையர் ஆளுங்க செக்கிங் வர்றாங்கப்பா. நீங்க இல்லீனா கம்பெனியே நின்னு போயிரும்னு நீங்கதானுங்களே எப்பவும் சொல்லுவீங்க?" கூடத்தில் ஒருவர் முகத்திலும் வியப்பில்லை. எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அவரில்லாமல் அவிநாசித் தேருக்குக்கூடப் போகாத மனைவி ரங்காத்தாள், சேலைக்கு மேலேயே பனியனை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு அவரிடம் வந்து கையை நீட்டுகிறாள். "ஏனுங்க, இந்தப் பிசிரக் கொஞ்சம் வெட்டி உடுங்க." மகுடேஸ்வரன் கத்திரியை எடுத்துத் தொங்கும் நூலை வெட்டுகிறார். பிறகு சோபாவில் உட்கார்ந்து, மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாக மடியில் போட்டுப் பிசிர் தேடுகிறார்.