இரண்டாம் நம்பர்

“அடிச்சுச் சொல்றேன், ரெண்டாம் நம்பர் எங்க நாட்டுப் பிள்ளைதான்! அந்த வாசிப்பு எங்க ரத்தத்துல ஊறினது!”

டிரம்பெட்காரன் போட்ட சத்தம், கறுப்புத் திரைக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றிருந்த இரண்டாம் நம்பருக்கு நன்றாகவே கேட்டது. வயலினை அணைத்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினாள்.

பல நாட்டு இளசுகள் வாசிக்கும் இசைக்குழு அது. முதல் வயலின் நாற்காலி காலியானதிலிருந்து, எல்லை ஆற்றின் இக்கரை நாட்டுப் பிள்ளைகளும் அக்கரை நாட்டுப் பிள்ளைகளும் ‘எங்களுக்குத்தான்’ என்று மல்லுக்கு நின்றார்கள். அலுத்துப்போன இசை நடத்துநர் அம்மா திரையைக் கட்டிவிட்டார். போட்டியாளர் முகம் தெரியக்கூடாது, காலணிச் சத்தம் கேட்கக்கூடாது, வாயே திறக்கக்கூடாது. வாசிப்பைக் கேட்டு மற்றவர்கள் கை தூக்க வேண்டும்.

அந்த நாற்காலிக்காகத்தான் அவள் கடைசி வரிசையில் விரல் தேய வாசித்தாள். சாப்பாட்டு அறையில் மேசைக்கு மேசை ஒரு கொடி. அவள் மட்டும் தட்டோடு ஜன்னலோரம் நிற்பாள்.

“உங்க ரத்தமா? உங்க ஆளுங்க வில்லைப் பிடிச்சா மரம் அறுக்கிற மாதிரி இருக்கும்!” இது செல்லோக்காரி, அக்கரை. “அந்தக் கடைசி இழைப்பைக் கேட்டியா? எங்க அம்மா தாலாட்டுற மாதிரியே இருந்துச்சு. எங்க பிள்ளை!”

“போம்மா தாயே! எங்க பிள்ளை!”

“முதல்ல கையைத் தூக்குங்க, அப்புறம் அடிச்சுக்கலாம்” என்றார் நடத்துநர். அடுத்த நொடி வியந்தார். “எல்லாக் கையும் ரெண்டாம் நம்பருக்கா! ஜன்னலைத் திறக்கிறதுலகூட நீங்க ஒத்துப்போனதில்லையே!”

திரை விலகியது.

டிரம்பெட்காரனின் கை அந்தரத்திலேயே நின்றது. “நீயா!” என்றாள் செல்லோக்காரி.

அவள் நிமிர்ந்து நடந்துபோய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ பாராட்டாக வில்லால் இசைத்தாள் ஸ்டாண்டைத் தட்ட, மளமளவென்று அறை முழுவதும் தட்டியது. அந்த இரைச்சலிலேயே போனை எடுத்தாள்.

“அம்மா, நாற்காலி எனக்குத்தான்! அப்பாகிட்டயும் சொல்லு. அப்பா அக்கரைன்னு உன் நாடும், அம்மா இக்கரைன்னு அவர் நாடும் எனக்கு பாஸ்போர்ட்டே குடுக்காம விரட்டினாங்களே... இப்போ ரெண்டு நாடும் ‘எங்க பிள்ளை’ன்னு என்னை வச்சு அடிச்சுக்குதும்மா!”