காத்திருப்பு நேரம்: பூஜ்யம்

செப்டம்பர் 18, வியாழன். மாலை வகுப்பு, கடைசி பெஞ்ச்.

நேற்று கடைக் கணினியின் அமைப்புக் கோப்பு ஒன்றைத் திருத்தினேன். சேமித்தேன். அதன்பின் கொடுக்க வேண்டிய அப்டேட் கட்டளையை மறந்துவிட்டேன். அதைக் கொடுத்தால்தான் திருத்தம் நடப்புக்கு வரும்.

சிறிய தவறுதான்.

அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் ஒரே கணினி. விண்டோஸ் அவனுக்கு. அதன் பின்னால் மறைவாக இன்னொரு இயங்குதளம், வகுப்பில் படிக்கும் லினக்ஸ், எனக்கு. அது அவனுக்குத் தெரியாது. "கடை மிஷின்ல உன் பாடத்த நோண்டுன, கிளாஸ் கட்" என்று நான் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தான்.

பயிற்சி செய்ய வேறு கணினி இல்லை.

அதனால் காத்திருப்பு நேரத்தைப் பூஜ்யமாக வைத்திருந்தேன். ஆன் செய்தால் விண்டோஸா லினக்ஸா, எது வேண்டும் என்று கேட்டுக் காத்திருக்காது. நேராக விண்டோஸ். அண்ணன் சாப்பிடப் போகும் முக்கால் மணி நேரம் மட்டும், எஸ்கேப்பை அழுத்திப் பட்டியலை வரவழைப்பேன்.

நேற்று, தானாகத் திறப்பதை லினக்ஸ் என்று மாற்றிப் பார்த்தேன். பாடத்தில் இருந்தது. பிறகு பழையபடி ஆக்கினேன்.

ஆக்கியதாக நினைத்தேன்.

இன்று காலை கறுப்புத் திரை. நடுவில் என் பெயர். கீழே கடவுச்சொல்லுக்கு ஒரு கட்டம்.

கடை வாசலில் ஆறு பேர்.

"ஏட்டி, உன் பேரு எதுக்கு இதுல நிக்குது?"

"வைரஸா இருக்கும்ணே."

"வைரசுக்கு உன் பேர யாரு சொன்னா?"

ரேஷன் கார்டோடு நின்ற அக்கா, "வேப்பில அடிச்சுப் பாரு தம்பி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு, அணைத்து, ஆன் செய்து, எஸ்கேப், விண்டோஸ்.

அண்ணன் சிரிக்கவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு மெக்கானிக் வாரான். மொத்தத்தையும் அழிச்சிட்டு புதுசா போடச் சொல்லிட்டேன்."

சொன்னால் வகுப்பு போகும்.

சொல்லாவிட்டால் ஏழு மாதப் பயிற்சியும் லினக்ஸும் போகும். வகுப்பு இருந்தும் இல்லாத மாதிரி.

அவன் என்னை நம்பினானா, தெரியவில்லை. நம்பவில்லை என்றால் மோசம். நம்பியிருந்தால் அதைவிட.

சார் போர்டில் வேறு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். நான் நோட்டில் பழைய பக்கத்தைப் புரட்டினேன். காத்திருப்பு நேரம். பூஜ்யம் என்றால் கேட்காது. பத்து என்றால் பத்து நொடி கேட்கும். மைனஸ் ஒன்று என்றால், ஒருவர் தேர்ந்தெடுக்கும் வரை அப்படியே நிற்கும்.

மைனஸ் ஒன்றின் கீழ் கோடு போட்டிருக்கிறேன். எப்போது போட்டேன், நினைவில்லை.

நாளை: சாவியை வாங்கிக்கொண்டு எட்டரைக்கே கடைக்குப் போக வேண்டும். பூஜ்யத்தை அழித்து மைனஸ் ஒன்று. சேமிப்பது. அப்டேட் கட்டளை, மறக்கக் கூடாது. அணைப்பது.

ஒன்பதுக்கு அண்ணன் வந்து ஆன் செய்வான். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் பட்டியலில் நிற்கும், அவன் தேர்ந்தெடுக்கும் வரை.

திரையை மறைக்காமல் நிற்க வேண்டும்.