எதிர் வசனம்

"நீ எதுக்குடா இங்க வந்தே?"

ஆடிஷன் அறை வாசலில் சோடாவைப் பார்த்ததும் அழுமூஞ்சி வழிமறித்துக் கேட்டார்.

அழுமூஞ்சி என்பது தொழில் வைத்த பெயர். எந்த சீரியலைத் திறந்தாலும் பெண்ணுக்காக அழுகிற அப்பா அவர்தான். சோடா வேறு ரகம். சோடாபுட்டிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு முழி முழித்தால் போதும், ஊரே சிரிக்கும். இருவரும் ஒரே மேக்கப் அறையில் பல வருஷம் குப்பை கொட்டியவர்கள்.

போன மாதம் சீரியலில் அழுமூஞ்சி மேல் லாரியை ஏற்றிக் கொன்றுவிட்டார்கள். கதையில் செத்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்று கதை எழுதுகிறவர்களுக்கு எங்கே தெரிகிறது!

இப்போது புதிதாக ஒரு ஆபீஸ் காமெடி. மேனேஜர்தான் கதாநாயகன். அந்த வேஷம் கிடைத்தால் பிழைத்தார். இல்லாவிட்டால் மச்சானுடைய பெயின்ட் கடையில் டப்பா தூக்க வேண்டியதுதான். மச்சானோ சும்மாவே வாயைத் திறந்தால் மூடமாட்டார்.

"உனக்கு எதிர்ல கிளார்க் வசனத்தை நான்தான் வாசிக்கப் போறேன்" என்றார் சோடா.

"உனக்குத்தான் நாலு இடத்துல வேலை இருக்கே? கடைசி ரவுண்டுக்கு நாம ரெண்டே பேர்தான். இதுலயும் வந்து வாயை வைக்கணுமா?"

"தொழில்னா போட்டி இருக்கத்தானே மாப்ள செய்யும்?" சோடா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

காட்சி இதுதான். ஆபீஸில் தூங்கும் கிளார்க்கை மேனேஜர் பிடித்துத் திட்ட வேண்டும். அழுமூஞ்சி வீட்டில் மனைவியைக் கிளார்க்காக உட்கார வைத்து, கமா, முற்றுப்புள்ளி உட்பட மனப்பாடம் செய்து வந்திருந்தார்.

"ஆக்‌ஷன்!" என்றார் டைரக்டர் மேடம்.

"என்னய்யா, ஆபீஸ்ல தூக்கமா?"

'இல்ல சார், கண்ணை மூடி யோசிச்சேன்' என்று சோடா சொல்ல வேண்டும். சொல்லவில்லை. பேப்பரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரை நாள் லீவு வேணும் சார்" என்றார்.

பேப்பரில் அப்படி ஒரு வரியே கிடையாது!

அழுமூஞ்சிக்குக் காது சிவந்தது. கேமரா ஓடுகிறது. நிறுத்தினால் போச்சு.

"எடுத்துக்கோ. பாவம், காலையிலேர்ந்து தூங்கித் தூங்கிக் களைச்சுப் போயிருக்கே."

யாரோ 'களுக்' என்றார்கள். சோடா விடவில்லை.

"சார், ஒரு ஃபைல் தொலைஞ்சு போச்சு."

"எந்த ஃபைல்?"

"அதான் சார் தெரியல. எதெது எங்க இருக்குன்னு எழுதி வெச்ச ஃபைல்தான் தொலைஞ்சுது."

அழுமூஞ்சி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணில் கொலைவெறி, முகத்தில் மேனேஜர் மிடுக்கு.

"நல்லது. நான்தான் தொலைக்கச் சொன்னேன். மேலிடத்துல கேட்டா என் பேரைச் சொல்லு."

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அழுமூஞ்சி யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

மனைவி போனில் கேட்டாள். "என்னங்க ஆச்சு?"

"கூட இருந்தே குழி பறிச்சுட்டான் அந்தச் சோடா. வசனத்தையே மாத்திட்டான். எல்லாரும் என்னைப் பார்த்துக் கெக்கெக்கேன்னு சிரிக்கறாங்க."

"சேச்சே! அவர் அப்படிப்பட்டவர் இல்லீங்க."

"நீயும் அவன் கட்சியா? உங்கண்ணன்கிட்ட சொல்லிடு, நாளையிலேர்ந்து கடைக்கு வரேன்னு." போனை வைத்தவர் அழுதேவிட்டார். சீரியலில் வருகிற அழுகை இல்லை இது, சொந்த அழுகை.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. டைரக்டர் மேடம் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"வாழ்த்துகள் சார். மேனேஜர் நீங்கதான்."

அழுமூஞ்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எ... என்ன மேடம் சொல்றீங்க?"

"நாங்க எழுதி வெச்சது எல்லார் மேலயும் எரிஞ்சு விழற மேனேஜர். அதைக் கிழிச்சுப் போட்டாச்சு. தனக்கு ஒண்ணுமே புரியலைன்னாலும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி நின்னு, கூட வேலை செய்யறவனைக் காப்பாத்தற மேனேஜர். இன்னிக்கு நீங்க பண்ணினீங்களே, அவர்தான் நம்ம கதாநாயகன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுமூஞ்சி நிமிர்ந்தார். சந்தோஷத்திலும் கோபம் மறக்கவில்லை.

"ரொம்ப நன்றி மேடம். ஒரே ஒரு விஷயம். அந்தச் சோடா எனக்கு எதிர்ல வேணாம். போட்டின்னா நேருக்கு நேர் நின்னு ஜெயிக்கணும். வசனத்தை முழுங்கி அடுத்தவனைக் கவுக்கறதெல்லாம் ஒரு பிழைப்பா?"

மேடம் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"போட்டியா? அவர் நேத்தே போன் பண்ணி, எனக்கு இந்த வேஷம் வேணாம், அவனுக்குப் பாருங்கன்னு சொல்லி விலகிட்டாரே சார்!"

"விலகிட்டானா? அப்புறம் எதுக்கு எனக்கு எதிர்ல வந்து உட்கார்ந்தான்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எழுதிக் கொடுத்ததைப் பேசினா அவன் அழுதுடுவான் மேடம். மாட்டிக்கிட்டு முழிச்சாத்தான் சிரிப்பு வரும், மேக்கப் ரூம்ல தினம் தினம் பார்த்தவன் நான். வேற யாரையாவது உட்கார வெச்சா வசனத்தை ஒழுங்கா வாசிச்சுத் தொலைச்சிடுவாங்க, நானே வந்து கெடுக்கறேன்'னாரு!"