பதினேழாம் எண்

"இன்னொரு தடவை மையை விடும்மா, நல்லாப் பார்க்கணும்" என்றார் மாமனார்.

மருமகள் ஊசிக்குழலை அழுத்தினாள். கண்ணாடி போன்ற குழாய்க்குள் நீலக்கோடு ஒன்று ஓடியது. இதயம் துடிக்கும் தாளத்தில் பம்ப் அதைத் தள்ளித் தள்ளி அனுப்பியது. காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயக் குழாயோடு இணைக்கும் இடம் வந்ததும், கோடு சிதறிச் சுழன்று ஓர் ஓரமாகத் தேங்கியது.

முப்பது வருடம் பைபாஸ் செய்த கை அவருடையது. ரத்த ஓட்டத்தை ஆராயும் அவள் ஆய்வுக்கூடத்தைத் "தண்ணி விளையாட்டு" என்று வீட்டில் கிண்டலடிப்பவர். மூன்று வாரத்துக்கு முன் என்ன நினைத்தாரோ, அவரே ஒரு ஸ்கேனை அனுப்பியிருந்தார். பெயர் இல்லை, பதினேழு என்ற எண் மட்டும். அதை வைத்துத்தான் இந்த மாதிரியைச் செய்திருந்தாள். இன்று மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

"நான் இப்படித்தானே தைக்கிறேன்? இதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்லையே."

அவர் எதிரே டிவி சத்தத்தைக்கூடக் கூட்டாதவள் அவள். மை தேங்கிய ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. இவ்வளவு செங்குத்தா சேர்த்தா ரத்தம் எதிர்ச்சுவர்ல போய் மோதுது. தேங்கற இடத்துல சுவர் தடிச்சுப்போய், ரெண்டு மூணு வருஷத்துல மறுபடி அடைச்சுக்கலாம். இதைப் பாருங்க, இது சாய்ச்சுச் சேர்த்தது."

பக்கத்துக் குழாயில் நீலக்கோடு கலையாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாருக்கும் இதே மாதிரிதானா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த ஆளுக்கு இதுதான் நல்லது. மூணு அடைப்பு மாமா! எத்தனை நாளா வலியை மூடி மறைச்சாரோ! யார் பேச்சையும் கேட்காத ஆள் போல."

"போல என்ன, அதேதான்" என்று சிரித்தார். "சரி, சாய்ச்சே தைச்சிடலாம்."

அவளால் நம்ப முடியவில்லை. இவரா ஒத்துக்கொண்டார்?

"ஆபரேஷன் என்னிக்கு மாமா? நானும் வந்து பார்க்கட்டுமா?"

"வியாழக்கிழமை. தாராளமா வா. ஆனா சந்தேகம் எதுவானாலும் தைக்கப்போற என் மாணவன்கிட்ட கேட்டுக்கோ. நான் மயக்கத்துல மேசை மேல படுத்திருப்பேன்."