வசனம்

படத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது, நகரத்தை நகரமாகவே காட்டியிருக்கிறேன் என்று இயக்குநர் மேடையில் சொன்னதை, பெனிட்டா தன் அம்மா எஸ்தருக்கு விரல்களால் சொன்னாள். பிறவியிலேயே காது கேளாத எஸ்தர் தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். பால் வண்டி, மீன் சந்தை, சிக்னலில் முண்டும் ஸ்கூட்டர்கள். பிறகு ரயில் நிலையம் வந்தது. இந்த நடைமேடையில் எஸ்தர். தண்டவாளங்களுக்கு அப்பால் எதிர் நடைமேடையில், அவளைப் போலவே காது கேளாத கணவன் சாலமன். அவள் கைகள் திரை முழுக்கச் சுழன்றன, வெட்டின, பறந்தன. நடனம் பார்ப்பதுபோல் அரங்கம் அசையாமல் பார்த்தது. படத்தில் தெரிகிறவள் என்று அழைப்பு வந்ததால் எஸ்தர் தன்னோடு கூட்டி வந்திருந்த காது கேளாத சிநேகிதிகள் மட்டும் அவளுக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

விளக்கு எரிந்ததும் இயக்குநர் நேரே அங்கே வந்தார். "அந்த இடத்துல என்னம்மா சிரிப்பு? படத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி அது."

"அது அம்மா அப்பாவைத் திட்டுறது சார்," என்றாள் பெனிட்டா. "சட்டையை உள்பக்கம் வெளிய தெரியப் போட்டுக்கிட்டு வேலைக்குக் கிளம்பிட்டியே மனுஷா, வீட்டுல கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்குன்னு கேக்குறாங்க."

இயக்குநர் திகைத்தார். "அப்ப என் படத்துல பேச்சு இருக்கா?"

மகள் அதைக் கையில் சொன்னதும் எஸ்தர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கைகள் நிதானமாகப் பேசின. பெனிட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"கதை யாரோடதா வேணா இருக்கட்டுமாம் சார். வசனம் எஸ்தர்னு பெரிய எழுத்துல போடச் சொல்றாங்க."