வெர்லின் பிரேக் வைத்த கதை

வெர்லின் தன் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வெளியே வந்தவை இரண்டு பூட்ஸும் கெட்ட வார்த்தைகளும்தான்.

நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் வேலை செய்தால் குறை சொல்ல இன்னொருவன் வேண்டும். வயோமிங்கில் அதற்குப் பெயர் பக்கத்துப் பண்ணைக்காரன்.

இத்தனை நாளும் அவன் வண்டியிலிருந்து குதிரை டிரெய்லருக்குப் போனது நாலே நாலு வயர். டிரெய்லரில் விளக்கு எரியும், அவ்வளவுதான். பிரேக் இருந்தும் அதற்குக் கரண்ட் கொடுக்க வழி கிடையாது. மலைச் சாலையில் இறங்கும்போதெல்லாம் டிரெய்லர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளும். வெர்லின் அதையெல்லாம் கண்டுகொள்வதே இல்லை.

அவன் மனைவி மார்லிஸ்தான் ஒரே போடாகப் போட்டாள். பிரேக் இல்லாத டிரெய்லரில் பிஸ்கட்டை மலை இறக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பிஸ்கட் அவளுடைய பெண் குதிரை. வயதாகிவிட்டது. முன்னங்கால் வீங்கி நொண்டும். தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் ஒரு ரப்பர் துணி உண்டு, அதுவும் இளஞ்சிவப்பில்தான் வேண்டும் மார்லிஸுக்கு. அதைக் காலில் சுற்றிச் சுற்றித்தான் குதிரையை நடக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. புல் இல்லை. குளிர்காலத்தில் எதைப் போடுவது என்று வெர்லின் யோசித்து, குதிரையை விற்பது என்று முடிவெடுத்தான். அன்று மதியம் கீழே டவுனில் ஏலம். இந்த வருடத்தின் கடைசி ஏலம்.

நொண்டிக் குதிரையை அங்கே யார் வாங்குவான் என்று எல்லோருக்கும் தெரியும். எடை போட்டு வாங்கி, லாரியில் ஏற்றி, எல்லை தாண்டிக் கசாப்புக்கு அனுப்புகிறவன். அவன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆக, கசாப்புக்குப் போகிற குதிரைக்கு வழியில் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று பிரேக் வைத்துக்கொண்டிருந்தான் என் நண்பன்.

எப்படி மாட்டுவது என்று போட்டிருந்த தாளில் கிரீஸைத் துடைத்துவிட்டான். என் புது வண்டிக்கு இதெல்லாம் கம்பெனியிலிருந்தே வந்துவிட்டது என்று நான் அவ்வப்போது அவனுக்கு நினைவூட்டினேன். நன்றி சொல்லத் தெரியாதவன்.

"டேய், நீலம் பிரேக்குக்கு, கறுப்பு பேட்டரிக்கு. மாத்திக் குடுத்துத் தொலைக்காத. டிரெய்லர் சக்கரம் எல்லாம் பூட்டிக்கும்," என்றேன்.

"உங்கப்பன் வண்டிக்கே வயர் மாட்டுனவன்டா நான். காபிய குடிச்சிட்டுக் கம்முனு உக்காரு."

ஒருவழியாக வெளியே வந்தான். டிரெய்லரின் பெரிய பிளக்கை வண்டியின் புது சாக்கெட்டில் சொருகினான். ஸ்டீயரிங்குக்குக் கீழே திருகியிருந்த சின்னப் பெட்டியின் நெம்புகோலை அழுத்தினான். டிரெய்லரில் பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது. விட்டான், நின்றது. ராக்கெட் விட்டவனைப்போல் என்னைப் பார்த்தான்.

மார்லிஸ் தொழுவத்திலிருந்து வந்தாள். கையில் பிஸ்கட்டின் கட்டுத்துணிச் சுருள்.

"சாப்பாடு மேசையில இருக்கு, போய்ச் சாப்பிடுங்க. அவள நானே ஏத்திக்கிறேன்," என்றாள். கண் மட்டும் சிவந்திருந்தது. வெர்லின் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தான். எங்கள் ஊர் ஆண்கள் மனம்விட்டுப் பேசுவது அப்படித்தான்.

சாப்பிட்டுவிட்டு வந்தோம். பிஸ்கட் டிரெய்லருக்குள் நின்றது. வெர்லின் வண்டியைக் கிளப்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

வண்டி உறுமியது. டிரெய்லர் அசையவில்லை. இன்னும் மிதித்தான். டிரெய்லர் சக்கரங்கள் சுற்றாமல் சரளையில் கோடு கிழித்தன.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீலத்தையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்திருக்கிறான்! கிறிஸ்துமஸ் வரை சொல்லிச் சிரிக்க ஊருக்கு ஒரு கதை ஆயிற்று. அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளத்தான் சாக்கெட்டுக்குப் பின்னால் குனிந்தேன்.

மாறித்தான் இருந்தது.

மற்ற வயர்களில் எல்லாம் வெர்லினின் கறுப்பு டேப். அந்த இரண்டில் மட்டும் இளஞ்சிவப்புத் துணி. வழுக்காமல், சுருக்கம் விழாமல், குதிரையின் காலில் இருப்பதுபோலவே சுற்றி, நுனியை மடித்து விட்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மார்லிஸ் தொழுவத்து வாசலில் நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெர்லின் போட்டுவைத்திருந்த டேப்பை எடுத்து, இளஞ்சிவப்பு தெரியாதபடி மேலே நாலு சுற்று சுற்றினேன்.

"மொத்த வயரிங்கும் போச்சுடா. எல்லாத்தையும் பிரிச்சு முதல்ல இருந்து மாட்டணும். இன்னைக்கு ஆவாது," என்றேன்.

வெர்லின் இறங்கி வந்தான். சாக்கெட்டைப் பார்க்கக் குனியவே இல்லை. தலையைச் சொறிந்தான். கடமைக்குக் கேட்பவன் குரலில், "உன் வண்டில மாட்டிட்டுப் போலாமா?" என்றான்.

என் வண்டி முற்றத்தில் புதுப் பெயின்ட் பளபளக்க நின்றது. காலையில் நான் அதில்தான் வந்தேன்.

"கியர் பாக்ஸ் போயிருச்சுப்பா," என்றேன்.

வெர்லின் என் வண்டியைப் பார்த்துக்கொண்டே டிரெய்லரின் பின்பக்கம் போனான். டிரெய்லர் கதவின் கொக்கியை அவன் கை அதற்குள் கழற்றத் தொடங்கியிருந்தது.

"ஆமாமா, நீ வரும்போதே சத்தம் கேட்டுச்சு," என்றான்.