தோடு போட வந்தவர்

“நாலு பேரைச் சுட்டாச்சு. அஞ்சாவது ஆள் பாலத்துக்குக் கீழ ஒளிஞ்சிருக்கான்” என்றாள் ரௌஷான். கையில் ஒட்டிய மாவைக்கூடத் துடைக்காமல் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அவன் அங்கேயே இருக்கட்டும்மா” என்றாள் மகள் தோக்ஜான். “அடுப்புல எண்ணெய் காயுது. அவங்க பஸ் ஏறிட்டாங்களாம்.”

அவங்க என்றால் ஜவுரே. பக்கத்து ஊரான தெமிர்தாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் துணைத் தலைமையாசிரியை. தோக்ஜான் கட்டிக்கொள்ள விரும்பும் தௌரேனைப் பெற்றவர். உறவுக்காரர்களோடு முறையாக வருவதற்கு முன் தனியாக வந்து வீட்டைப் பார்க்கப்போகிறார். பிடித்துவிட்டால் தன் கையால் பெண்ணுக்குத் தோடு போட்டுவிடுவார்; அதோடு பேச்சு முடிந்தது. பிடிக்காவிட்டால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதோடும் பேச்சு முடிந்தது.

ரௌஷான் கரகண்டாவில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவள். குளிர்காலத்தில் முழங்காலில் ஆபரேஷன் ஆகி வீட்டில் முடங்கியபோது, பொழுது போகாமல் இந்தத் துப்பாக்கி ஆட்டத்தைத் தொட்டாள். முழங்கால் ஆறிவிட்டது. ஆட்டத்தை விட முடியவில்லை.

கணினியிலும் ஆடலாம், போனிலும் ஆடலாம். இவளோடு சேர்த்து அணியில் ஐந்து பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தலைவனின் பெயர் வெள்ளை ஓநாய். வாய் திறக்க மாட்டான்; உத்தரவெல்லாம் எழுத்தில்தான் வரும். குண்டு மழைக்கு நடுவிலும் யாராவது தப்பும் தவறுமாக எழுதினால் திருத்திவிட்டுத்தான் சுடுவான். ஏதோ திமிர் பிடித்த பையன் என்று ரௌஷான் முடிவுகட்டியிருந்தாள். ஆனாலும் அவன் அவளை ஒருதடவைகூடக் கைவிட்டதில்லை.

இன்று நாலு மணிக்குப் போட்டியின் இறுதிச் சுற்று.

“இன்னிக்கு மட்டும் வேண்டாம்மா” என்றாள் தோக்ஜான். “கேம் ஆடற பசங்களைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாதாம். போனைப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிடுவாங்களாம். தௌரேனே சொன்னான்.”

“பூட்டட்டுமே. நான் என்ன அவங்க ஸ்கூல்லயா படிக்கிறேன்?”

“அம்மா!” மகளின் கண் கலங்கிவிட்டது.

“சரிடி. ஆடல. சத்தியம்.”

தோக்ஜான் கணினியின் மேல் பூப்போட்ட துணியை மூடினாள். போதாதென்று அதன்முன் ஒரு பூந்தொட்டியையும் வைத்தாள்.

ஜவுரே சொன்ன நேரத்துக்கு வந்தார். சட்டைக் காலர் விறைப்பாக இருந்தது. அவரும் அப்படியே இருந்தார். பால் விட்ட டீயை உறிஞ்சிக்கொண்டு, பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக்கைப் பிட்டுப் பார்த்து, “வெந்திருக்கு” என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

“ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

“பூத்தையல், டீச்சர்” என்றாள் ரௌஷான். ஊசியில் நூல் கோத்தே வருஷக்கணக்காகியிருந்தது. “நீங்க?”

“பரீட்சைத் தாள் திருத்துவேன். வேற பொழுதுபோக்கு எதுவும் கிடையாது.”

ரௌஷான் கடிகாரத்தைப் பார்த்தாள். ஜவுரேயும் பார்த்தார். கிளம்பப் போகிறார் என்று பயந்த தோக்ஜான் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

நாலு மணி நெருங்கியபோது ஜவுரே நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “பஸ்ல வந்தது தலையை வலிக்குது. கொஞ்ச நேரம் தனியாப் படுத்துக்கலாமா?”

“தாராளமா!” ரௌஷான் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கக் கூடாது. “மகள் ரூம்ல படுங்க. கதவைச் சாத்திக்குங்க. யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

கதவு மூடியதும் ரௌஷான் பூந்தொட்டியை நகர்த்தினாள்.

“சத்தியம் பண்ணினியேம்மா” என்று கிசுகிசுத்தாள் தோக்ஜான்.

“நாலு பேர் என்னை நம்பிக் காத்துட்டிருக்காங்கடி. சத்தம் போடாம ஆடறேன்.”

ஆட்டம் தொடக்கத்திலிருந்தே சரியில்லை. அடுத்தடுத்து மூன்று கூட்டாளிகள் செத்துவிழுந்தார்கள். மிஞ்சியது வெள்ளை ஓநாயும் ரௌஷானும்தான். அவள் மாவு ஆலையின் மாடியில் மாட்டிக்கொண்டாள். கீழே எதிரிகள் சூழ்ந்து நின்றார்கள். ஓநாயோ ஆற்றைத் தாண்டித் தப்பித்திருந்தான். ஓடிப்போய்விட்டால் அவன் ஒருவனாவது பிழைப்பான்.

அவன் ஓடவில்லை. அவளுக்காகத் திரும்பி ஆலையை நோக்கி வருவது திரையில் தெரிந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்பதே ரௌஷானுக்கு மறந்துபோயிற்று.

“வராதேடா தம்பி!” என்று மைக்கில் கத்தினாள். “ஆலையைச் சுத்தி நிக்கிறானுங்க! நான் செத்தா சாகறேன், நீ ஓடிப்போயிடு!”

பக்கத்து அறையின் கதவு படாரென்று திறந்தது.

தோக்ஜான் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். விறுவிறுவென்று வந்து வாசலில் நின்றார் ஜவுரே. காலர் கலைந்திருந்தது, முகம் சிவந்திருந்தது, கையில் போன் இருந்தது. டாக்சி கூப்பிடுகிறார் என்று நினைத்த தோக்ஜானுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரௌஷான் ஹெட்போனைக் கழற்றினாள். மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்தாயிற்று. “டீச்சர், தப்பு என்மேலதான். பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மன்னிச்சிடுங்க...”

ஜவுரே திரையைப் பார்த்தார். ரௌஷானைப் பார்த்தார். பிறகு போனை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மன்னிப்பெல்லாம் அப்புறம், சம்பந்தி. நான் ஆலை வாசல்ல நிக்கிறவனுங்களைச் சுடறேன், நீங்க பின்பக்கமா குதிங்க!”